புது வண்டியும் பழைய கதையும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், திருவொற்றியூரில் காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒருவர் மஞ்சள் துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்தபடி நம்மிடம் வந்து நின்றார். எர்ணாவூர்க்காரர். வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு ஆண்டுகள் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டியவர். வாயிலில் நீளும் வரிசையில் இரவும் பகலும் காத்துக் கிடந்து, ஸ்டியரிங்கின்மேல் தலை சாய்த்து உறங்கிப் பழகியவர். "ஐயா, இந்தக் காகிதங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

நம் குடும்பங்களில் ஒரு புது வண்டி வருவது சிறு செய்தி அன்று. அது திருமணம்போல ஒரு நிகழ்ச்சி. ஒன்றரை ஆண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், இதே கோயில் வாயிலில் அவருடைய புது வேன் மாலையோடு நின்றதும், பங்குத் தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்ததும், பிள்ளைகள் உள்ளே ஏறி ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து பார்த்ததும் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அவர் மனைவி கழுத்தில் ஒரு நூல் மட்டுமே கிடந்தது. சங்கிலி வண்டியாகிவிட்டது என்பதை நாம் அப்போதே ஊகித்திருக்க வேண்டும்.

அவர் எண்ணம் தெளிவானது. இனி யாருக்கோ வண்டி ஓட்டுவதில்லை, தன் வண்டியைத் தானே ஓட்டுவது. சாதாரண நாளில் திருமணம், சுற்றுலா என்று சவாரி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 பெருவிழா வரை வேளாங்கண்ணிப் பயணம். இராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களுக்கு வேன் என்பது வெறும் வாகனமா? அடுப்பும் அரிசியும் அதிலேதான், பாட்டி படுப்பதும் குழந்தைக்குத் தொட்டில் கட்டுவதும் அதிலேதான். மேல்நாட்டில் வசதி படைத்தவர்கள் படுக்கையும் சமையலறையும் அமைந்த வீட்டு வண்டி வாங்கி ஊர் சுற்றுவதாகப் படிக்கிறோம். நம் பக்கத்து ஏழைக்கு வேளாங்கண்ணி வேனே அந்த வீட்டு வண்டி. ஆகவே இவர் வெறும் சேஸை மட்டும் ஷோரூமில் வாங்கி, கரூருக்கு ஓட்டிச் சென்று, சாய்ந்து படுக்கும் இருக்கைகளும், கூரைமேல் சாமான் தட்டும், பின்புறம் பாத்திரம் வைக்கும் பெட்டியுமாகப் பாடி கட்டினார். சேஸுக்குக் கடன் பதின்மூன்று இலட்சம். மாதத் தவணை ஏறக்குறைய 28,000 ரூபாய். பாடிக்குக் கைக்காசும் நகையும்.

முதல் வேளாங்கண்ணிப் பயணத்திலேயே கதை தொடங்கிவிட்டது. 2023 செப்டம்பர். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தை நெருங்கும்போது கிளட்ச் நழுவத் தொடங்கியது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம். இரவு பதினொரு மணி. அவ்வேளையில் மழையும் பிடித்துக்கொண்டது. புதுக் கூரையின் இணைப்பு வழியே தண்ணீர் சொட்டியதால், உள்ளே அமரவும் வழியில்லை, வெளியே இறங்கவும் வழியில்லை. நடக்க மாட்டாத மூதாட்டி ஒருவரையும் கைக்குழந்தைகள் இருவரையும் பின்னால் வந்த இன்னொரு பங்கு மக்கள் தங்கள் வேனில் நெருக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் விடியும்வரை சாலையோரத்தில் செபமாலை சொல்லிக்கொண்டு நின்றார்களாம். சவாரிப் பணம் முழுவதையும் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் பட்டறை. புதுக் கிளட்ச் தட்டு போட்டார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் கருகியது. மறுபடியும் பட்டறை. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றார், சக்கரத்தைச் சீரமைத்தோம் என்றார்கள். இழுப்பு நிற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வண்டி பட்டறையில் நின்றது. எர்ணாவூரில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. வீட்டைக் கழுவுவதா, பட்டறைக்கு ஓடுவதா என்று தெரியாமல் நின்ற அந்த மாதமும் தவணை தேதி மட்டும் தவறாமல் வந்தது.

பதினொரு முறை அவர் பட்டறைக்குச் சென்றிருக்கிறார். அங்கே அவர் கேட்ட சொல் ஒன்று அவரை வண்டியின் பழுதைவிட ஆழமாகத் தைத்தது. "கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறீர்கள், அதனால்தான் கருகுகிறது" என்று இருபத்தைந்து வயது நிரம்பாத ஒருவர் சொன்னாராம். நாற்பது அடி டிரெய்லரைத் துறைமுகச் சந்துகளில் பின்னோக்கி ஓட்டிப் பழகிய மனிதரிடம்! இதைச் சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது.

விற்பனையாளர் சொன்னார்: "சேஸில் பழுதில்லை. கரூரில் பாடியை அளவுக்கு மேல் கனமாகக் கட்டிவிட்டார்கள், அங்கே கேளுங்கள்." பாடி கட்டியவர் சொன்னார்: "எங்கள் எடை சரி. சேஸ் சட்டமே முறுக்கிக்கொள்கிறது, அதனால் கூரை இணைப்பு விரிந்து ஒழுகுகிறது. வண்டிக் கம்பெனியைக் கேளுங்கள்." கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னால், அன்பான குரலில் ஒரு பெண், "உங்கள் அருகிலுள்ள விற்பனையாளரை அணுகவும்" என்றாள். மூன்று வாசல், மூன்றிலும் ஒரே பதில்: அடுத்த வாசல். கடன் கொடுத்த நிறுவனம் மட்டும் வேறு வாசலைக் காட்டவில்லை. அது நேரே வீட்டு வாசலுக்கே வந்தது.

வாகனம் பிறக்கும் மண்ணிலே வாழ்கிறோம் நாம் என்பதை இங்கே எண்ணாமலிருக்க முடியவில்லை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்த என்பீல்டு ஆலை திருவொற்றியூரில். 2001-இல் கப்பல் வரத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து கார்கள் வரிசையாகக் கடல் கடந்து போகின்றன. நம் பங்குகளில் எத்தனை குடும்பங்கள் இவ்வாலைகளின் சம்பளத்தால் பிள்ளைகளைப் படிக்க வைத்தன! இவருடைய வண்டி இவ்வூர் ஆலைகளில் செய்ததன்று. ஆயினும் ஒரு போல்ட்டை எத்தனை இறுக்கு இறுக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் நிறைந்த ஊரில், பழுதான வண்டிக்கு எங்கே முறையிடுவது என்று அறிந்தவர்கள் இல்லாமற் போனது வியப்பன்றோ?

இனி மஞ்சள் பைக்கு வருவோம். அதிலே பதினொரு ஜாப் கார்டுகள் இருந்தன. பங்கிலுள்ள வழக்கறிஞர் ஒருவரும் நாமும் அவற்றை மேசைமேல் பரப்பி வைத்துப் படித்தோம். படிக்கப் படிக்க நம் நெஞ்சு தளர்ந்தது. பத்துச் சீட்டுகளில் குறை என்ற இடத்தில் எழுதியிருந்தது என்ன? "பொதுச் சோதனை." "சர்வீஸ்." "பொதுச் சோதனை." கொள்ளிடத்து இரவும் இல்லை, கருகிய நாற்றமும் இல்லை, இடப்பக்க இழுப்பும் இல்லை. அவர் வாயால் சொன்னார், மேசைக்கு அப்பால் இருந்தவர் தம் வசதிப்படி எழுதினார், இவர் கையெழுத்துப் போட்டார். நீதி மன்றத்தில் இந்தப் பத்துத் தாள்களும் அவருக்குச் சாட்சியாவதற்குப் பதில் எதிரிக்குச் சாட்சியாகிவிடும். வாங்கிய நாள் முதல் வண்டி ஒழுங்காகச் சர்வீசுக்கு மட்டுமே வந்திருக்கிறது, பழுது என்று ஒன்றும் பதிவில் இல்லையே என்று சொல்லிவிடலாம்.

பதினொன்றாவது தாள் வேறு மாதிரி இருந்தது. அதன் கீழ்ப்பாதியில் நீல மையில், பள்ளிக்கூடத்து உருண்டைக் கையெழுத்தில், தமிழில் எழுதியிருந்தது: எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த நாளில் எந்த இடத்தில் கிளட்ச் நழுவியது, இதற்கு முன் எத்தனை முறை தட்டு மாற்றப்பட்டது, மழையில் எந்த இருக்கைக்கு மேல் ஒழுகுகிறது. அடியிலே பட்டறையின் முத்திரையும் ஒரு கையெழுத்தும். அன்று பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தந்தையோடு போயிருக்கிறாள். "அப்பா சொன்னதை நீங்கள் எழுதவில்லையே அண்ணா, நான் எழுதிவிடுகிறேன், நீங்கள் முத்திரை மட்டும் வையுங்கள்" என்றாளாம். அந்தப் பெண் சட்டம் படித்தவளல்லள். சொன்னதை எழுத வேண்டும் என்று மட்டும் அறிந்திருந்தாள். வழக்கறிஞர் அத்தாளைத் தனியே எடுத்து, ஒளிநகல் எடுக்கும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

அத்தாளை ஆதாரமாக வைத்து மூவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பப்பட்டது. பாடி கட்டியவர் பதில் எழுதவில்லை. கம்பெனி நாலு வரி எழுதியது. விற்பனையாளருடைய வழக்கறிஞர் எழுதிய பதில்தான் அவரை இரண்டு இரவு உறங்கவிடவில்லை. "நீர் வண்டியை வாடகைக்கு விடுகிறீர். ஆகவே வணிகர். நுகர்வோர் அல்லர். நுகர்வோர் ஆணையத்துக்கு வர உமக்கு உரிமையில்லை" என்பது அதன் சாரம்.

இந்த மிரட்டலுக்கு விடை நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. விடையைத் தந்த வழக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறு தொழில் நிறுவனம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கியது. இயந்திரம் காலம் கடந்து வந்தது, வந்ததும் பழுதாக இருந்தது என்பது முறையீடு. மாநில ஆணையம் இழப்பீடு கொடுக்கச் சொல்ல, தேசிய ஆணையம் இது வணிக நோக்கம் என்று தள்ளிவிட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாங்கிய நிறுவனம் அங்கும் தோற்றது. ஆனால் தோற்ற அவ்வழக்கிலேதான் ஏழைக்குரிய வாசல் திறந்தது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1993-இல் சேர்க்கப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு. தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் சம்பாதிப்பதற்கென்றே ஒருவன் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்பது அது. இதை விரித்துரைத்த நீதிபதிகள், ஆட்டோ ரிக்‌ஷா வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவன் நுகர்வோனே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவன் நுகர்வோனாகவே இருப்பான் என்றும், வாங்கிப் பிறர் கையில் முழுதும் ஓட்டக் கொடுப்பவனே விலக்கு என்றும் எடுத்துக்காட்டுகளோடு எழுதினார்கள். 2019-ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் இவ்விளக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. நம் எர்ணாவூர்க்காரருக்குக் கிளீனராக வருபவன் அக்காள் மகன் ஒருவன்தான். ஓட்டுவது அவரே. இதைக் கேட்டபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாம் யார் என்று யாரோ எடுத்துச் சொன்னதுபோல இருந்தது அவருக்கு.

விற்றவன் பொறுப்பு எதுவரை என்பது மிகப் பழைய கேள்வி. வாங்குகிறவனே விழிப்பாயிருக்கட்டும் என்ற பொருளில் 'காவேயாத் எம்ப்தோர்' என்ற இலத்தீன் தொடரைச் சட்டம் படித்தவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த உரோமையின் சந்தைகளிலேயே, அடிமையையோ கால்நடையையோ விற்பவன் அதன் குறையை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் விற்றால் ஆறு மாதத்துக்குள் வாங்கியவன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சந்தை அதிகாரிகளின் ஆணை இருந்தது. மனிதனையே விற்ற கொடிய சந்தை அது, அதிலும் இந்த விதி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் பெருநூலில் வாங்குவதும் விற்பதும் பற்றித் தனியே ஒரு பகுதி எழுதினார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்தாலே தெரியும், அதை விற்பவன் எடுத்துச் சொல்லியே தீரவேண்டும் என்பதில்லை, விலையைக் குறைத்தால் போதும் என்கிறார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறையால் வாங்கியவனுக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், அதை மறைப்பது வஞ்சகம், ஈடு செய்தாக வேண்டும் என்கிறார். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்று விற்பதை அவர் உதாரணம் காட்டுகிறார். கிளட்ச் என்ற சொல்லை மட்டும்தான் அவர் அறியார்.

நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குகிறவன் தன் தேவையைச் சொல்லி விற்கிறவனின் திறமையை நம்பி வாங்கினால் பொருள் அத்தேவைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்றது. ஆயினும் சாதாரண மனிதன் உரிமையியல் நீதிமன்றத்தின் படியேற அஞ்சினான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த அச்சத்தைக் குறைத்தது என்பது உண்மை. புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தபின், விற்றவர் ஊருக்குப் போகாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து இலட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்கு மேல் 50 இலட்சம் வரையிலும் கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. வழக்கறிஞர் இன்றியும் தாமே பேசலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்ப்பதும் உண்டு. சில வேளைகளில் அதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒன்று: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போய்ச் சேர வேண்டும். "நாளை வாருங்கள்" என்று பட்டறை சொல்லும் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு ஆண்டிலிருந்துதான் கழிகிறது. நம் நண்பருக்கு அது தெரியாது. அவர் நம்மிடம் வந்தபோது கொள்ளிடத்து இரவுக்குப் பிறகு பதினான்கு மாதம் போய்விட்டிருந்தது.

ஆணையம் சென்றால் புது வண்டி கிடைத்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்லிவைப்பது நலம். கிளட்ச் பழுதுபற்றிய மாருதி நிறுவனத்து வழக்கொன்றில், 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாக்கு, முழு வண்டியையும் மாற்றச் சொல்ல இயலாது என்றது. நம்மை ஒரு கணம் திடுக்கிட வைத்த தீர்ப்பு அது. ஆனால் வாரண்டிப் புத்தகத்தை நாம் யாரேனும் படித்துக் கையெழுத்திட்டோமா? மற்றொன்று கோவாவில் எழுந்தது. 2011-ஆம் ஆண்டு மாதிரிக்கான பணம் கட்டிய ஒருவருக்கு விற்பனையாளர் 2009-இல் செய்த காரைத் தந்துவிட்டார். மாவட்ட மன்றம் விற்பனையாளரோடு டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விற்பனையாளர் கம்பெனியின் கையாள் அல்லர், தாமே வாங்கித் தாமே விற்பவர், அவர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை கம்பெனியைப் பிடிக்க முடியாது என்று சொல்லி, நிறுவனத்தை விடுவித்தது. ஆகவே யார்மேல் என்ன குறை என்பதைப் பிரித்து எழுத வேண்டும். கிளட்ச் யாருடையது, கூரை யாருடையது, சொன்னதை எழுதாமல் விட்டது யார் என்று. எல்லோரையும் எதிர்க்கட்சியாகச் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் திட்டினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள்.

உற்பத்திக் குறை என்றால் அதை மெய்ப்பிப்பது பெரும்பாலும் வாங்கினவர் தலையில்தான் விழுகிறது. தகுதி பெற்ற நிபுணர் ஒருவரின் அறிக்கை வேண்டும். ஆணையமே பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம், அதற்குரிய கட்டணத்தைக் கட்டச் சொல்லலாம். சோதனை வேண்டாத வழக்கு மூன்று மாதத்திலும், வேண்டிய வழக்கு ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்பது ஏட்டில் உள்ளது. நடைமுறையில் ஒத்திவைப்புகளை எண்ணக் கை விரல் போதாது என்பதையும் வாசகர்களுக்கு மறைக்க விரும்பவில்லை.

மேல்நாட்டாருக்கும் இதில் பெரிய நிம்மதி இருப்பதாகத் தெரியவில்லை. பழுதான புதுக் காரை அமெரிக்கர் எலுமிச்சை என்பர். புளிப்பு முகத்தில் தெரிந்துவிடும் போலும்! 1982-இல் கனெக்டிகட் மாநிலம் எலுமிச்சைச் சட்டம் இயற்றியது. பலமுறை செப்பனிட்டும் தீராத வண்டியைக் கம்பெனி மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் முன்னர்ச் சொன்ன வீட்டு வண்டிகளின் பாடு அங்கும் திண்டாட்டமே. கலிபோர்னியாவில் அச்சட்டம் வீட்டு வண்டியின் சேஸுக்கும் எஞ்சின் பகுதிக்கும் பொருந்தும், மக்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பொருந்தாது. எஞ்சின் ஒருவர், வீடு ஒருவர், விற்பவர் வேறொருவர். எர்ணாவூரின் மூன்று வாசல் அங்கும் உண்டு.

ஆகவே வண்டி வாங்கப் போகும் குடும்பங்களுக்கு நாம் கண்டதைச் சொல்கிறோம். சாவியை வாங்கும் நாள் மகிழ்ச்சியான நாள். அன்று கண் மங்கும். அதனால் முதல் நாளே, பகல் வெளிச்சத்தில், மாலை போடுவதற்கு முன் போய் வண்டியைப் பாருங்கள். விற்பனையாளர் தரும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் வண்டி செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். கோவாக்காரர் தவறவிட்ட இடம் எது என்று நமக்குத் தெரியாவிட்டாலும், பார்க்க வேண்டிய இடம் இதுதான். கம்பெனி தரும் படிவம் 22 வண்டி சாலைக்குத் தகுதியானது என்று சான்று சொல்வது. இரண்டிலும் உள்ள சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாடி கட்டுவதாயின் எவ்வளவு எடை தாங்கும் என்று கம்பெனி எழுதியதைக் கட்டுபவரிடம் காட்டி, கட்டி முடித்தபின் எடை மேடையில் நிறுத்தி அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நம் நண்பரிடம் எடைச் சீட்டு இருந்திருந்தால், பாடி கனம் என்ற வாதம் எழுந்த அன்றே தீர்ந்திருக்கும், அவர் பக்கமோ எதிர்ப்பக்கமோ. பட்டறையில் ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழில் எழுதுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் அவளை அழைத்துச் செல்லுங்கள்.

கோயில் வளாகத்திலேயே பெரியவர் ஒருவர் நண்பரிடம் சொன்னாராம்: "நாம் கோயில்காரர்கள். வம்பு வழக்கு எதற்கு? கடவுளிடம் விட்டுவிடு." நல்ல எண்ணத்தோடு சொன்ன பேச்சு. நாமும் அதைக் கேட்டு ஒரு நாள் முழுதும் யோசித்தோம். கிளட்ச் மேல் கால் வைத்து ஓட்டுகிறாய் என்ற வசையை அவர் மன்னிக்கலாம். அது அவருடையது. ஆனால் நகையை இழந்த மனைவிக்கும், கல்லூரி சேர வேண்டிய மகளுக்கும், மழையிரவில் சாலையில் நின்ற அந்தச் சவாரிக் குடும்பங்களுக்கும் உரியதை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? அவருக்கே உரியதல்லவே! இதே சேஸை அடுத்த மாதம் இன்னோர் ஓட்டுநர் வாங்குவார் என்பதும் உண்டு. பெரியவரிடம் இதை நாம் பணிவாகச் சொன்னோம். அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. "என்னவோ தம்பி, அவன் நல்ல பிள்ளை" என்றார்.

2025 பிப்ரவரியில் மனுத் தாக்கலாயிற்று. அதன்பின் ஒரு விந்தை நடந்தது. பதினொரு முறை கிடைக்காத மரியாதை பன்னிரண்டாம் முறை கிடைத்தது. பட்டறையில் நாற்காலி போட்டார்கள். கிளட்ச் பகுதி முழுவதையும், தட்டு மட்டுமன்றி அதை அழுத்தும் பாகங்களோடு, காசின்றி மாற்றினார்கள். வண்டி இப்போது நழுவவில்லை. இடப்பக்க இழுப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. கரூர்க்காரர் கூரை இணைப்பைப் பிரித்துக் கட்டித் தர ஒப்பி, இரண்டு தவணை சொல்லி இன்னும் வரவில்லை. வண்டி நின்ற நாட்களின் வருமானமும், கட்டிய தவணைகளும், திருப்பிக் கொடுத்த சவாரிப் பணமும் பற்றிய கோரிக்கை ஆணையத்தின் முன் நிற்கிறது. எதிர்த்தரப்பார் சமரசம் பேசலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தொகையைக் கேட்டு நண்பர் சிரித்துவிட்டு வந்தார். நம்மைக் கேட்டால், சற்று ஏற்றினால் ஒப்பிவிடலாம் என்போம். அவர் மனைவி அதற்கு உடன்படவில்லை. நகை அவளுடையது, நாம் வாயடைத்துக்கொண்டோம்.

மகள் இப்போது வண்டியின் முன்பெட்டியில் நீளமான குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறாள். தேதி, கிலோமீட்டர், டீசல், குறை என்று நாலு பத்தி கோடு போட்டது. வேளாங்கண்ணிப் பயணத்துக்கு இரண்டு குடும்பங்கள் மறுபடியும் முன்பணம் கொடுத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, கொள்ளிடத்தில் விடியும்வரை நின்ற குடும்பம். கூரை ஒழுகும் பின்னிருக்கைகளின்மேல் கட்ட நல்ல தார்ப்பாய் ஒன்றை அவர்களே வாங்கி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.